அம்மா பெயரில் ஒரு மருந்துச் சீட்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. போனில் நீ சிரித்துவிட்டால் நான் கேட்க வந்ததை மறந்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

நேற்று அவசரமாகச் சொன்னதை நிதானமாகச் சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். உங்கள் ஊர், எங்கள் ஊர், நடுவில் இருக்கிற ஊர்கள் எல்லாம் சேர்த்து அறுபது கடைகள். சந்தேகப்படும்படி ஒரு சீட்டு வந்தால் படம் எடுத்து அதில் போடுவோம். பெரும்பாலும் தூக்க மாத்திரையாக இருக்கும், இல்லாவிட்டால் அபின் வகையைச் சேர்ந்த பலமான வலி மாத்திரை. பழகிவிட்டால் ஆளை விடாத சாமான் அது. ஒரே ஆள் நாலு டாக்டரிடம் சீட்டு வாங்கி நாலு கடையில் வாங்குகிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே இருப்போம்.

நேற்றுக் காலை உங்கள் ஊர்க் கடை ஒன்று அந்த வலி மாத்திரைச் சீட்டு ஒன்றைப் போட்டிருந்தது. 'நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். பத்து நாளில் இரண்டாவது தடவை. வேறு வேறு டாக்டர். கவனம்.' நோயாளியின் பெயர் நம் அம்மாவின் பெயர். அந்தப் பெயர் ஊரில் நூறு பேருக்கு இருக்கும் என்று போனில் சொன்னாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மாத்திரை கொடுக்கும்போது பிறந்த தேதியைக் கேட்டுச் சீட்டின் பின்னால் எழுத வேண்டும் என்பது விதி. அதையும் படம் எடுத்திருந்தார்கள். நாளும் மாதமும் அம்மாவுடையது. வருஷம் மட்டும் இருபத்தைந்து தள்ளிப் போட்டிருந்தது.

திடீரென்று பிறந்த தேதியைக் கேட்டால் பொய் சொல்கிறவர்கள் ஒரு நொடி தடுமாறுவார்கள், அதில்தான் பிடிப்போம் என்று உனக்கு ஒரு தடவை நான்தான் சொன்னேன். தடுமாறாமல் சொல்ல உனக்கு வேறு எந்தத் தேதி வரும்? அம்மா போய் ஏழு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள்.

குழுவில் நான் எதுவும் சொல்லவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. அது நீயா, இல்லையா? அதை மட்டும் எழுது. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

தம்பி

மார்ச் 9

டேய் தம்பி,

உன் கடிதத்தைத் தரையிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து படித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு நான் கிரேனை விட்டுக் கீழே இறங்குவதில்லை. நூற்று நாற்பது படி இறங்கி, நூற்று நாற்பது படி ஏறினால் சாப்பாட்டு நேரம் ஏணியிலேயே போய்விடும். அதனால் கேபினில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, லோடு எழுதுகிற தாளின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காற்றைத் திட்டு, என்னைத் திட்டாதே.

ஆமாம், நான்தான். போதுமா? நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்ணாம். எனக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது. அந்தக் கடைக்காரனை முதலில் கண் டாக்டரிடம் போகச் சொல்.

நீ போலீஸ்காரன் மாதிரி கேட்டதால் நானும் வாக்குமூலமாகவே சொல்கிறேன். ஏணியில் கால் நழுவி இடுப்பு போனது ஆகஸ்டில். ஆபரேஷன் முடிந்து நவம்பரில் வேலைக்கு வந்தேன். டிசம்பரில் எலும்பு டாக்டர் பெரிய மாத்திரையை நிறுத்திவிட்டுச் சின்ன மாத்திரையும் நாலு உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். அவருக்கு வலி என்றால் எக்ஸ்ரே படத்தில் தெரிய வேண்டும். 'படத்துல எல்லாம் நல்லா சேர்ந்திருக்கும்மா' என்கிறார். படத்துக்கு வலிக்கவில்லை, எனக்கு வலிக்கிறது. அவரைத் திரும்பப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதனால் ஒரே ஒரு தடவை வேறு டாக்டரிடம் போனேன். என் பெயரில் வாங்கினால் சைட் ஆபீசுக்குத் தகவல் போய்விடும். முழுசாகக் குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துத்தானே திரும்பவும் மேலே ஏறினேன்? அம்மா பெயரைக் கொடுத்தேன். வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்?

இங்கே எனக்கு 'மேலிடம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஏதாவது சாமான் வர நேரமானால் 'மேலிடத்து உத்தரவு இன்னும் வரலை' என்பார்கள். மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுகிறார். பதினேழு வருஷமாக ஆண்கள் மட்டுமே இருக்கிற இடத்தில் இந்தப் பேரை வாங்கியிருக்கிறேன். ஒரு மாத்திரைக்காக அதை விட முடியாது.

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது, உனக்கே தோன்றியிருக்க வேண்டும். உன் அலமாரியில் அந்த மாத்திரை பெட்டி பெட்டியாகத் தூங்குகிறது. மாதம் இரண்டு அட்டை பார்சலில் அனுப்பிவிடு. நானும் கடை கடையாக நிற்க வேண்டாம், உன் குழுவில் என் வயதைப் பற்றி யாரும் எழுதவும் வேண்டாம்.

மாமாவிடம் மூச்சு விடாதே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, தினமும் பெண்டாட்டிக்கு வெந்நீர்ப் பை நிரப்பிக் கொடுக்கிறார். அந்த வெந்நீரில்தான் எனக்குக் குணமாகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பட்டும்.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

மாத்திரை அனுப்ப மாட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் நடுவில் எங்காவது மனம் இளகிவிடும்.

ஒரே ஒரு தடவை என்று எழுதியிருந்தாய். நம்பத்தான் ஆசையாக இருந்தது. ஆனாலும் நேற்றும் முந்தாநாளும் உங்கள் ஊர்க் கடைகளுக்குப் போன் செய்தேன். உன் தம்பி என்று சொல்லவில்லை. எங்கள் கடைக்கும் அந்தப் பெயரில் சீட்டு வந்தது என்று ஒரு பொய் சொன்னேன். ஜனவரியிலிருந்து நான்கு கடைகளில் அம்மா மாத்திரை வாங்கியிருக்கிறாள். மூன்று டாக்டர்கள். ஒருவரிடம் முதுகுவலி, பல் டாக்டரிடம் பல்வலி, இன்னொருவரிடம் சிறுநீரகக் கல். செத்துப்போன மனுஷிக்கு இத்தனை வியாதி.

அந்த நாலு பேரில் ஒருவர் சொன்னார், 'அந்தம்மா எக்ஸ்ரே கவரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க சார், பார்க்கவே பாவமா இருந்துச்சு.' இன்னொருவர், கடையில் ஆள் மாறும் நேரம் பார்த்து நீ வந்ததாகவும், உன் டாக்டர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னதாகவும் சொன்னார். இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்ன கதைகள். எந்தெந்த ஆள் எப்படி எப்படி ஏமாற்ற வருவார் என்று நடித்தே காட்டுவேன். மாமா சிரிப்பார். நீ அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாய். என்னைப் பெரிய நடிகன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நீ எங்கள் கடைக்கு வந்தாய். 'திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துடுவேன்டா, அதுவரைக்கும் குடு' என்றாய். நிற்க முடியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சீட்டு இல்லாமல் பத்து மாத்திரை கொடுத்தேன். பதிவேட்டில் சேதம் என்று எழுதினேன். பதினான்கு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. திங்கட்கிழமை நீ டாக்டரிடம் போகவில்லை. போனாயா என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் வலி பொய் என்று நான் சொல்லவே இல்லை. வலி நிஜம். மாத்திரை உன்னைப் பிடித்துக்கொண்டதும் நிஜம். நாளைக்கே நிறுத்து என்றும் சொல்லவில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எலும்பு டாக்டரிடம் போய், எத்தனை மாத்திரை, எத்தனை கடை என்று உள்ளதை உள்ளபடி சொல். நானும் கூட வருகிறேன்.

மாதக் கடைசி வரை பார்ப்பேன். அதற்குள் நீ போகாவிட்டால் உன் நிஜப் பெயரைக் குழுவில் போட்டுவிடுவேன். அறுபது கடையிலும் கதவு மூடிவிடும். ஆபீசுக்கும் விஷயம் போகாமல் இருக்காது.

ஒன்றை மட்டும் உடனே எழுது. கிரேனில் ஏறுவதற்கு முன் போடுகிறாயா?

தம்பி

மார்ச் 18

மதிப்பிற்குரிய மருந்துக்கடைக்காரர் அவர்களுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இப்படி.

கெடு வைக்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. நீ பரீட்சையில் ஃபெயிலாகி மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அழுதபோது, இன்னும் ரிசல்ட் வரவில்லை என்று இரண்டு மாதம் அப்பாவிடம் பொய் சொன்னது யார்? திரும்ப எழுதிப் பாஸ் பண்ணும் வரை மூச்சு விட்டேனா? அந்தப் பொய்யின் மேல் நின்றுதான் இன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு எனக்கு உண்மையைப் பற்றிப் பாடம் நடத்துகிறாய்.

ஊர் முழுக்கப் போன் போட்டு விசாரித்திருக்கிறாய். அக்காவைத் திருடி மாதிரி. அதைப் படித்தபோது கேபினில் தனியாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஏறுவதற்கு முன் போடுகிறேனா என்று கேட்டாய். போடாமல் எப்படி ஏறுவது? எண்பதாவது படியில் இடது கால் இல்லாத மாதிரி ஆகிவிடும். அங்கே நின்று யாரைக் கூப்பிடுவது? மேலே போன பிறகும் சில நாள் ஒன்று போடுகிறேன். முதலில் வலிக்காகத்தான் போட்டேன். இப்போது வலி வந்துவிடுமோ என்கிற பயத்துக்காகப் போடுகிறேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. போடாமல் இருந்து பார்த்தேன், பார்க்காமல் இல்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூக்கு ஒழுகியது, வயிறு கலங்கியது, ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. ஜுரம் என்று சொல்லி மாமாவைச் சமாளித்தேன். ஆடுகிற கையோடு லீவரைப் பிடிக்கட்டுமா, சொல். மாத்திரை போட்டால் கை நிற்கிறது. நீ படித்த படிப்பில் இதற்குப் பதில் இருக்கிறதா?

பதினேழு வருஷத்தில் என் கொக்கியிலிருந்து ஒரு செங்கல் கீழே விழுந்ததில்லை. போன வாரம் கீழே நின்று சைகை சொல்கிற சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. 'மேலிடம் தூங்குதா?' என்றார். வெயில் என்றேன். வெயில்தான். அவரும் நானும் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை செய்கிறோம், அவருக்கே சந்தேகம் இல்லை, உனக்கு என்ன?

என் பெயரைப் போட வேண்டுமென்றால் போடு. போட்ட அன்றோடு எனக்குத் தம்பி இல்லை. மாமாவிடமும் நீ செத்துவிட்டாய் என்று சொல்லிவிடுவேன். ஏதோ நல்லபடியாகச் சொல்லிச் சமாளிக்கத்தான் எனக்கு நன்றாக வருகிறதே.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். ரிசல்ட் விஷயம் உண்மை, மறக்கவில்லை.

மூன்று தடவை கூப்பிட்டும் கேட்கவில்லை என்பதை நீயே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாய். நான் அங்கேயே நிற்கிறேன். கெடு, குழு எல்லாம் கிடக்கட்டும். ஒரு வாரம் லீவு போடு. ஏறாதே. 'சரி' என்று ஒரு வார்த்தை போனில் அனுப்பு, அடுத்த பஸ்ஸில் வருகிறேன். திங்கட்கிழமை வரை பார்க்கிறேன்.

தம்பி

மார்ச் 27

தம்பி,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எழுத வேறு ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். மதியம் இரண்டு மணி இருக்கும். பாதுகாப்பு அதிகாரி வாக்கி-டாக்கியில் வந்து, 'லோடை இறக்கி வெச்சுட்டு மெதுவா இறங்கி வாங்கம்மா' என்றார். அம்மா என்றார். பதினேழு வருஷத்தில் யாரும் வாக்கி-டாக்கியில் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. நூற்று நாற்பது படியும் இறங்குகிறேன், கீழே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

யாரோ ஆபீசுக்குப் போன் செய்து, கிரேன் ஓட்டுகிறவர் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். முதலுதவி அறையில் சிறுநீர் சோதனை செய்தார்கள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார்கள். லைசென்சை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சுத்தமாக இருக்கிறேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாமாம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். சிக்னல்காரர். கீழே இருந்து பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். வெளியே வந்ததும் நேராக அவரிடம் போனேன். எல்லோருக்கும் நடுவில், 'பதினோரு வருஷம் கூடவே நின்னுட்டு முதுகுல குத்திட்டீங்களே, நல்லா இருங்க' என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கை கூசுகிறது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிற மனுஷன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேன். மறுநாளே வேறு சைட்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாராம். கிரேன் குழுவில் யாரும் அவரோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். பேசக் கூடாதுதான்.

நீயாவது மாதக் கடைசி வரை என்று சொன்னபடி இருந்தாய். சொந்த ரத்தம் சொந்த ரத்தம்தான். அன்று உன்னைப் பேசியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

மாமாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருக்கலாம்.

அக்கா

மார்ச் 31

அக்காவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன் செய்தது நான்.

திங்கட்கிழமை வரை உன்னிடமிருந்து பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வந்தால் மாமா இருப்பார் என்று நேராக சைட்டுக்கு வந்தேன். உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்கத்து டீக்கடை வாசலில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை என்றால், ஒரு கண்ணாடிப் பெட்டியை.

ஒன்றரை மணி வாக்கில் நீ ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்கினாய். பாதி தூரம் திருப்பினாய். அப்புறம் நின்றுவிட்டது. ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன். கம்பி மெதுவாகச் சுற்றிக்கொண்டே தொங்கியது. கீழே ஒரு பெரியவர் வாக்கி-டாக்கியை வாயருகே வைத்துக்கொண்டு பேசினார், பிறகு கத்தினார், பிறகு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் கழித்துத்தான் அது திரும்ப அசைந்தது. டீ போடுகிறவர் தன்பாட்டில், 'அந்தம்மா இப்பல்லாம் இப்படித்தான் சார், நின்னு நின்னு ஓட்டுறாங்க' என்றார். டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா.

வேலியில் பெரிய பலகை வைத்து, பாதுகாப்பு அலுவலக எண் எழுதியிருந்தது. கூப்பிட்டேன். என் பெயரைச் சொல்லவில்லை. நீ இறங்குவதைப் பார்க்கும் தைரியம் இல்லாமல், முப்பது நாற்பது படி இறங்கியதுமே பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். மாதக் கடைசி என்று கெடு சொன்னவன் நான், அதை மீறியவனும் நான். அன்று அந்தக் கம்பி யார் தலையிலாவது விழுந்திருந்தால், டிசம்பரில் நான் கொடுத்த பத்து மாத்திரையும் அதோடு சேர்ந்து விழுந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

நீ என்னை வெட்டிவிடு, சரி. ஆனால் அந்தப் பெரியவர் ஒன்றும் செய்யவில்லை. நான் வாங்க வேண்டிய பேச்சை அவர் வாங்கியிருக்கிறார். போய் அவரிடம் சொல். நீ போகாவிட்டால் நான் போய்ச் சொல்வேன்.

குழுவில் உன் பெயரைப் போடவில்லை. இன்றோடு கெடு முடிகிறது. எழுதி எழுதி அழித்துவிட்டேன். அது மட்டும் என் கையால் வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 4

கடிதம் கிடைத்தது. இனி எழுதாதே.

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

மாமா போன் செய்தார். உன்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனதாகவும், அவர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பியதாகவும், மாத்திரையை வாரா வாரம் குறைப்பதாகவும் சொன்னார். 'ரொம்பக் கஷ்டப்படுறாடா' என்று சொல்லிவிட்டு அழுதார். நான் கேட்டது அவ்வளவுதான், வேறு எதையும் தோண்டிக் கேட்கவில்லை.

என் பக்கத்துச் செய்தி ஒன்று. முதலாளியிடம் டிசம்பர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பதிவேட்டில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இப்போது அந்த வகை மாத்திரை ஒன்று வேண்டுமென்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். பார்க்கட்டும்.

தம்பி

மே 6

தம்பி,

உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் உன்னைத் திட்டுகிறேன், பல் தேய்க்கும்போது திட்டுகிறேன். நீ செய்தது சரி என்று தெரிந்துகொண்டே திட்டுகிறேன். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

போன வாரம் சிக்னல்காரரைப் பார்க்கப் போனேன். ஊருக்கு வெளியே ஒரு சின்ன சைட்டில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாரி எண் எழுதிக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷம் என் கண்ணாக இருந்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நீங்கள் சொல்லவில்லை என்று தெரியும், சொன்னது என் தம்பி என்றேன். தலையை ஆட்டினார். பிறகு ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

'எனக்கு நாலு மாசமாத் தெரியும்மா. நீங்க லோடைத் தூக்கும்போதெல்லாம் கீழ இருக்கிறவங்களை விரட்டி விட்டுட்டு இருந்தேன். சாப்பாட்டு ஷெட்டுக்குப் போற வழியில கயிறு கட்டி, எல்லாரையும் சுத்திப் போகச் சொன்னேன். எல்லாரும் என்னைத் திட்டினாங்க. உங்க வேலை போயிடக் கூடாதுன்னு சொல்லாம இருந்தேன். சொல்ல வேண்டிய ஆளு நான்தானே? நீங்க அன்னிக்குத் திட்டினப்போ, சொன்னதுக்காகத் திட்டுறதா எனக்குத் தோணலை. சொல்லாம இருந்ததுக்கு வாங்கிக்கிட்டேன்.'

அவர் நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்துவிட்டு, அவர் வெயிலில் நின்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். லாரி வந்துவிட்டது, எண் எழுதப் போய்விட்டார். நான் மேலே உட்கார்ந்து, ஒரு செங்கல் விழுந்ததில்லை என்று உனக்குப் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தேன். கீழே ஒரு மனுஷன் ஆட்களை விரட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மாத்திரை பாதிக்குக் குறைந்திருக்கிறது. ஒரே டாக்டர், ஒரே கடை, என் பெயர். மாமா வாங்கிவந்து எண்ணிக் கொடுக்கிறார், சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. இடுப்புவலி அப்படியேதான் இருக்கிறது. முன்னால் அதைப் பார்த்துப் பயந்தேன், இப்போது அதோடு சண்டை போடுகிறேன். சில நாள் அது ஜெயிக்கிறது. வியர்வையில் துணி நனைகிறது. சாப்பாடு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. லைசென்ஸ் கிடைக்குமா என்று கேட்காதே. தெரியாது.

இப்போது எழுத வந்த விஷயம். நேற்று மாமா பள்ளிக்கூடம் போன பிறகு, காற்று வாங்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெளியே போனேன். கையில் எக்ஸ்ரே கவர் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. நடந்து நடந்து ஒரு கடைக்கு எதிரில் போய் நின்றேன். நீ கண்டுபிடித்த நாலில் ஒன்று இல்லை. அந்த நாலு கடையிலும் இனி எனக்குக் கிடைக்காது, அம்மாவின் பெயர் அவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். இது வேறு. அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நேற்று திரும்பிவிட்டேன். நாளைக்குத் திரும்புவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

நீ நாலு என்று எழுதினாய். உன் கடையைச் சேர்க்காமல் மொத்தம் ஏழு. மற்ற மூன்றையும் எழுதுகிறேன். கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற கடை. ரயில் நிலையத்துக்குப் பின்னால், படி ஏறிப் போகிற கடை. நேற்று நின்றது மூன்றாவது, பழைய தபால் நிலையத் தெருவில் பச்சைக் கதவு போட்ட கடை, அங்கே இருக்கிற பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பாள். இந்த மூன்றிலும் மாமாவின் அக்கா பெயரைக் கொடுத்தேன். அதனால்தான் உனக்குக் கிடைக்கவில்லை.

என் நிஜப் பெயரைக் குழுவில் போடு. அந்த இரண்டு பெயரையும் கூடவே போடு. என் போட்டோவும் போடு, போன வருஷம் உன் வீட்டில் எடுத்தது நன்றாக இருக்கும். அறுபது கடையும் பார்க்கட்டும். உன் கையால் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வர வை. உன்னால் முடியும், ஒரு தடவை செய்தவன்தானே.

கடிதம் கிடைத்த அன்றே போட்டுவிடு. போடாதே என்று நானே உன்னிடம் வந்து கெஞ்சுவேன், காலில்கூட விழுவேன். கேட்காதே.

அக்கா